என்ன சொல்லுதான் சம்பந்தி?

செப்டம்பர் 12, செவ்வாய்

அமெரிக்காவுக்கு, இந்த ஆல்டர்ஃபோர்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்றுதான் இரவில் தூங்கிப் பகலில் விழித்தேன். காலையில் மாத்திரை, பிறகு நடை, பிறகு குளியல். ஒழுங்கு திரும்பிவிட்டால் எனக்குப் பாதி பயம் போய்விடும்.

மகன் சிவசங்கர் வீட்டில் இப்போது இரண்டு அப்பாக்கள். நான் நவம்பர் நடுவில் பாளையங்கோட்டைக்குத் திரும்பிவிடுவேன். மருமகள் பூங்கோதையின் அப்பா குழந்தைவேலு இங்கேயே இருப்பவர். கோபிச்செட்டிபாளையத்தில் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒஹையோவுக்கு வந்து பத்து வருடம் ஆகிறது, குடியுரிமையும் வாங்கிவிட்டார். அவர் மனைவி இந்த வீட்டில்தான் காலமானார்.

கூடத்தில் காலை முதல் படுக்கும்வரை ஒரே செய்திச் சேனல் ஓடுகிறது. மாலையில் திரையில் நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் வருகிறார். அவர் வந்தால் சம்பந்தி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இரவு பூங்கோதை தட்டை வைத்து, "சாப்பாடு" என்றாள். அவர் "ம்" என்றார். ஒரு வாரத்தில் அப்பாவும் மகளும் பேசி நான் கேட்டது இவ்வளவுதான்.

செப்டம்பர் 14, வியாழன்

குப்பைத்தொட்டி வெளியே வைக்கும் நாள். வைத்தேன்.

பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது பூங்கோதை பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அப்பாவை அந்த டிவிய நிறுத்தச் சொல்லுங்க."

"நானா?"

"நீங்க சொன்னா தட்டவே மாட்டாரு. மாப்பிள்ளையோட அப்பா நீங்க. எங்க கல்யாணத்துல நீங்க மோர் கேட்டீங்கன்னு பந்திய நிறுத்தி மோருக்கு ஆள் அனுப்புனவரு."

நான் மோர் கேட்கவில்லை. வெயில் அதிகம் என்று மட்டும் சொன்னேன். அன்று பந்தியே காத்துக்கிடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அவள் பள்ளி வாரியத் தேர்தலில் நிற்கிறாள். பள்ளிக்கு அருகில் வசிக்கும் பிள்ளைகளுக்கு இனிப் பேருந்து கிடையாது என்று வாரியம் முடிவு செய்துவிட்டது. பேத்தி தாரிணி நடைபாதையே இல்லாத சாலையில் நடக்கவேண்டும், அதுவும் பனியில்.

"பஸ்ஸுக்காகத்தான் நின்னேன் மாமா. ஓட்டுச் சீட்டுல கட்சிப் பேரே கிடையாது. ஆனா வீடு வீடாப் போனா, பஸ்ஸப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. டிவில ஓடுற சண்டையில நான் எந்தப் பக்கம்னுதான் கேக்கறாங்க. நம்ம வீட்டுலயும் அதேதான். போன வருஷம் ஏதோ பேச்சு வந்து, அப்பா என்னப் பாத்து 'உங்க கூட்டம்'னாரு. என்னை, மாமா."

பீன்ஸ் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நான் குனிந்துகொண்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

சொல்லவேண்டும் என்றுதான் கூடத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் சம்பந்தி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நல்ல இடத்தை விட்டுக்கொடுத்து, முதுகுக்குத் தலையணையும் வைத்தார்.

"சத்தம் கொறைக்கட்டுங்களா சம்பந்தி?"

"வேண்டாம், வேண்டாம்" என்றேன். நான் ஒரு கோழை. கேட்டால் தட்டமாட்டார் என்று தெரிந்தே ஒரு மனிதரிடம் கேட்பது எப்படி? அது கேட்பது ஆகாது, உத்தரவு.

சும்மா எழுந்து போவதும் மரியாதையாக இல்லை. நீலக் கோட்டுக்காரர் வேகமாகப் பேசினார். அமெரிக்க உச்சரிப்பு எனக்குப் பிடிபடவில்லை.

"என்ன சொல்லுதான் சம்பந்தி?"

அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை எப்படி எழுதுவது? சத்தத்தைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதென்னுங்கன்னா, இந்த பள்ளிக்கூட போர்டுக்கு நிக்கறாங்க பாருங்க, அவங்கெல்லாம் கொழந்தைகளப் பெத்தவங்ககிட்ட இருந்து..." அங்கே நின்றுவிட்டார். சமையலறையில் பூங்கோதை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அதாவதுங்க, பள்ளிக்கூடம் நல்லா இருக்கோணுங்கறானுங்க."

"நல்லதுதானே" என்றேன்.

"நல்லதுதானுங்க" என்றார் அவரும். கொஞ்ச நேரம் சத்தத்தைக் கூட்டாமலே பார்த்தோம்.

செப்டம்பர் 20, புதன்

பக்கத்து வீட்டு அம்மாளோடு வேலி ஓரம் அரைமணி நேரம் பேச்சு. அவருடைய பூனை, முட்டி வலி, இலை பெருக்கும் இயந்திரம். என் ஆங்கிலம் பழைய வானொலி அறிவிப்பாளரைப்போல இருக்கிறதாம். பாராட்டா கேலியா தெரியவில்லை.

மாலையில் வழக்கம்போல நீலக் கோட்டு. எனக்குப் புரியவில்லை. சம்பந்தி விளக்கினார்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சிவசங்கரும் செய்தி பார்க்கிறான். காதில் மாட்டிக்கொண்டு போனில், எதிர்த்தரப்புச் சேனலை. எட்டிப் பார்த்தேன். அதே சிவப்புப் பட்டை, அதே அவசரம், கோட்டின் நிறம் மட்டும் வேறு. அவன் மாமனாரைப்போலவே பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறான். சொன்னால் கோபித்துக்கொள்வான். சொல்லவில்லை.

மாலையில் சம்பந்தியிடம் மெதுவாகக் கேட்டேன். "நம்ம ஊர்லயும் கட்சிக்கு ஒரு டிவி இருக்கு. நீங்க அங்க எதைப் பார்ப்பீங்க?"

அவர் சிரித்தார். "அங்க எவன் எந்தக் கட்சி டிவின்னு தொட்டில் புள்ளைக்குந் தெரியுமுங்களே. அவன் சொன்னாப் பாதி, இவன் சொன்னாப் பாதின்னு கழிச்சுக்குவோமுங்க. சீரியலுக்குப் பார்ப்போம், நியூசுக்கு எவன் பார்த்தான்?"

"இங்க அப்படிக் கழிக்கவேண்டாமா?"

அவர் டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவ அம்மா தவறுன வருசம், குளிருங்க. எல்லாரும் காலைல போயிருவாங்க. இருட்டுனப்பறம்தான் வருவாங்க. பகல் முச்சூடும் என்கிட்டப் பேசுனவன் இவன் ஒருத்தன்தானுங்க."

என் மனைவி செண்பகம் போனபின் எனக்குப் பேச பாளையங்கோட்டையே இருந்தது. பேப்பர் போடுபவர்கூட நின்று ஒரு வார்த்தை கேட்பார்.

செப்டம்பர் 28, வியாழன்

சம்பந்தி என்னை டோனட் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே அவருக்கு ஒரு நண்பர், பெயர் கென். காப்பீட்டு முகவராக இருந்தவர். இப்போது ஊர் அரசியலைப் பற்றி இணையத்தில் தினமும் ஒரு வலைப்பதிவு எழுதுகிறார். நீலக் கோட்டுக்காரரின் பெரிய ரசிகர். அதே நேரம், சம்பந்தியின் மனைவி இறந்தபோது சூப் கொண்டுவந்ததும் வாசலில் பனி வாரிக்கொடுத்ததும் இவர்தான்.

கென் கேட்டார், "வேலு, உன் மகள் வாரியத்துக்கு வந்தால் நன்றாகச் செய்வாளா?"

சம்பந்தி கையை உதறிச் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "அவளா! அவளுக்கு வீட்டையே நடத்தத் தெரியாது. பள்ளிக்கூடத்தை எங்கே நடத்தப்போகிறாள்?"

நம் ஊரில் பெண்ணைப் பெற்றவர் வேறு எப்படிச் சொல்வார்? நானும் மரியாதைக்கு, "என் மகனும் அப்படித்தான், ஒன்றுக்கும் உதவமாட்டான்" என்றேன். இருவரும் சிரித்தோம். கென் சிரிக்கவில்லை. அவருடைய போன் மேசைமேல் இருந்தது.

பிறகு சம்பந்தி ஒரு பெட்டி டோனட் வாங்கி, கடையில் இருந்தவர்களுக்கெல்லாம், முன்பின் தெரியாதவர்களுக்கும், ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எதற்கு என்று ஒரு பெண் கேட்டாள். "என் மகள் தேர்தலில் நிற்கிறாள்" என்றார்.

சர்க்கரை எனக்கு ஆகாது. பாதி தின்றேன்.

அக்டோபர் 9, திங்கள்

விடுமுறை. வாசல் புல்லில் பூங்கோதையின் பெயர் எழுதிய பலகை நடப்பட்டிருக்கிறது. அதிகாலை ஜன்னல் வழியே பார்த்தேன். சம்பந்தி ஸ்வெட்டரோடு வெளியே போய், சாய்ந்திருந்த பலகையைப் பிடுங்கி, வேறு இடத்தில் ஊன்றி, இரண்டு பக்கமும் தள்ளிநின்று பார்த்துவிட்டு வந்தார்.

"காத்துக்கு சாஞ்சு கெடந்துச்சுங்க" என்றார், நான் கேட்காமலே. "கம்பம்னு நட்டா நேரா நிக்கோணும். நாப்பது வருசம் பாத்த வேலைங்க."

பூங்கோதையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவருக்குத் தெரியாமல் சொல்வது சரியா? சொல்லவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

கென் எழுதிவிட்டார். சிவசங்கர் மடிக்கணினியில் காட்டினான். பூங்கோதையின் படம், அதன்கீழ் பெரிய எழுத்தில்: 'வீட்டையே நடத்தத் தெரியாது என்று பெற்ற தகப்பனே சொல்கிறார்.' டோனட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

சம்பந்தி இணையத்தில் எதையும் வாசிப்பதில்லை. அவர் கூடத்தில் டிவி முன்னால் இருந்தார்.

பூங்கோதை படித்துவிட்டு மூடினாள். நாங்கள் இருவரும் தனியாக இருந்தபோது சொன்னாள்: "அப்பா எப்பவும் இப்படித்தான் மாமா. நான் காலேஜ்ல தங்க மெடல் வாங்குனப்ப, சொந்தக்காரங்ககிட்ட 'எவளையோ பாத்து எழுதியிருப்பா'ன்னாரு. கண்ணு பட்டுருமாம். நான் சிரிச்சேன். இப்பவும் சிரிக்கணும்." அவள் மேசையைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது. "ஆனா இப்ப அவரு நெசமாவே சொன்னாரா, சும்மா சொன்னாரான்னு எனக்குத் தெரியலயே மாமா."

நான் அங்கே இருந்தேன். இரண்டு மொழியும் தெரிந்து, இரண்டு பழக்கமும் தெரிந்து, பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அன்று கென்னிடம், "எங்கள் ஊரில் இப்படிச் சொன்னால் பெருமை என்று அர்த்தம்" என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இன்று இவளிடமாவது சொல்லியிருக்கலாம். "தண்ணி குடிக்கியாம்மா?" என்றுதான் கேட்டேன்.

அக்டோபர் 21, சனி

மழை. கென்னுடைய பதிவை மாநில அளவில் எழுதும் ஒருவர் எடுத்துப் போட்டிருக்கிறார். அவரிடமிருந்து இன்னும் பெரிய ஒருவர். கைமாறக் கைமாறத் தலைப்பு வளர்கிறது. இப்போது 'தகப்பனே எச்சரிக்கிறார்.'

அக்டோபர் 24, செவ்வாய்

மாலை. நீலக் கோட்டுக்காரர் நாடு முழுவதும் நடக்கும் பள்ளி வாரியத் தேர்தல்களைப் பற்றிப் பேசினார். வரிசையாக முகங்கள் வந்தன. அதில் ஒன்று பூங்கோதை. பக்கத்தில் சம்பந்தியின் வாக்கியம். நீலக் கோட்டுக்காரர் அதை வாசித்தார், புருவத்தை உயர்த்தினார், சிரித்தார். அடுத்த முகத்துக்குப் போய்விட்டார்.

நான் எதுவும் கேட்கவில்லை. பல வாரங்களில் முதல்முறையாக.

ஆனால் அவர், நான் கேட்டதாகவே எண்ணிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார். ரிமோட்டைக் கையில் எடுத்து, எந்தப் பொத்தான் என்று தெரியாதவரைப்போலப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க சம்பந்தி" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன்.

மாடிப்படியில் பூங்கோதை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. மேலே போய்விட்டாள்.

அக்டோபர் 26, வியாழன்

சம்பந்தி கென்னைப் பார்க்கப் போனார். நானும் போனேன். பதிவை எடுத்துவிடச் சொன்னார். கென் அவர் தோளில் கை வைத்து, அன்பாகவே சொன்னார்: "இது அரசியல், வேலு. உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. நான் எடுத்தாலும் அது இனி என் கையில் இல்லை. நம் ஊர்ப் பெயர் டிவியில் வந்ததே, பார்த்தாயா?" அவர் நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். எங்கள் இருவருக்கும் காப்பி வாங்கித் தந்தார்.

சம்பந்தி குடிக்கவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

கூடத்தில் டிவி அணைந்திருக்கிறது. பூங்கோதை விரும்பியது இதுதான். ஆனால் வீடு இப்போது முன்னைவிடப் பயமாக இருக்கிறது. அணைந்த திரைக்கு முன்னால் அதே இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் என் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லி எனக்கொரு டிக்கெட் போடச் சொல்றீங்களா சம்பந்தி? நான் கோபிக்கே போயர்றனுங்க."

"எப்ப?"

"இந்த வாரமே போனாத் தேவலைங்க. எலக்சனுக்கு முன்னாடி. என் மூஞ்சியப் பாத்துட்டு அந்தப் புள்ள எப்படிங்க நாலு வீடு ஏறும்?"

"அங்க யார் இருக்காங்க?"

"வீடு இருக்குதுங்க" என்றார்.

எழுந்து நின்றேன். இந்த மனிதரிடம் நான் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை, கேட்காத மோரைத் தவிர.

"சம்பந்தி, மாப்பிள்ளையோட அப்பாவாக் கேக்கேன். தேர்தல் முடியறவரை இருங்க."

அவர் என்னைப் பார்த்தார். மேல்துண்டு இல்லாத தோளைத் தொட்டுத் தடவி, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். தட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அவரை நிறுத்த வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பூங்கோதை துண்டறிக்கை போடக் கிளம்பினாள். துணைக்கு வருகிறேன் என்றேன். காரில் முதல் தெரு முழுக்க எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். இரண்டாவது தெருவில், "அன்னைக்கு அந்தக் கடையில நானும் இருந்தேம்மா" என்றேன்.

அவள் வண்டியை ஓரம் நிறுத்தினாள்.

வகுப்பில் சோதனை முடிவைச் சொல்வதுபோல, வரிசையாகச் சொன்னேன். கென் என்ன கேட்டார், அப்பா கையை எப்படி உதறினார், எப்படிச் சிரித்தார், என் மகனைப் பற்றி நான் என்ன சொன்னேன். பிறகு டோனட். கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒன்று. யாரோ ஒருவருடைய கைக்குழந்தைக்குக்கூட ஒன்று கொடுக்கப் போய், அந்தத் தாய் வாங்கிக்கொண்டாள்.

"எதுக்குன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. 'என் மகள் தேர்தல்ல நிக்கா'ன்னாரு."

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"வாசல் போர்டும்..." என்று தொடங்கினேன். "காலைல சாஞ்சிருந்தா..."

"அது அப்பாவா? நான் இவருன்னு நினைச்சேன்."

"அவனா! அவன் ஒண்ணுக்கும் உதவமாட்டான்" என்றேன்.

"பத்து நாளா ஏன் மாமா சொல்லல?"

"எனக்குத் தைரியம் கிடையாதும்மா" என்றேன். அது உண்மை.

கொஞ்ச தூரம் போனபின் அவள், "மாமா, முப்பது வருஷம் இங்கிலீஷ்ல விலங்கியல் எடுத்தவங்க நீங்க. பக்கத்து வீட்டம்மாகூட மணிக்கணக்காப் பேசறீங்க. டிவில பேசறது உங்களுக்கு நெசமாவே புரியாதா?" என்றாள்.

சிவப்பு விளக்கு விழுந்துவிட்டது, கவனி என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

கடிகாரங்களை ஒரு மணி பின்னால் தள்ளிவைத்தோம். சமையலறை, கூடம், அடுப்பு, என் கைக்கடிகாரம். இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது.

பூங்கோதை சாப்பாடு வைத்தபோது, "அப்பா, ரசம் போதுமா?" என்றாள். அவர், "போதும் கண்ணு" என்றார். அதற்குமேல் இருவருக்கும் வரவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

வாக்குப்பதிவு. தேவாலயக் கூடத்தில். சம்பந்தி என்னைத் துணைக்கு அழைத்தார். கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டார். எனக்கு வாக்கு இல்லை. வாசலில் நின்றேன்.

கொடி நட்டுப் பிரசாரத்துக்கு எல்லை போட்டிருந்தார்கள். அதற்கு வெளியே கென் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார். "வேலு!" என்று கையசைத்தார்.

வாக்களித்துவிட்டு வெளியே வந்த சம்பந்தி நேராக அவரிடம் போனார். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, சத்தமாகச் சொன்னார்: "கென், என் மகள் என் வீட்டை நன்றாக நடத்துகிறாள். என் மனைவி சாகும்வரை அவளைக் குளிப்பாட்டியது என் மகள். எனக்குச் சோறு போடுவது என் மகள். இதையும் எழுது."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கென் தலையை ஆட்டினார்.

காரில் சம்பந்தி கேட்டார்: "பெத்த புள்ளையப் பத்தி இப்படி வாயாரச் சொல்லிப்போட்டனுங்களே சம்பந்தி. கண்ணு பட்டுருமுங்களா?"

"ஆங்கிலத்துலதானே சொன்னீங்க. படாது" என்றேன். நான் இதையெல்லாம் நம்புகிறவன் அல்ல. இருந்தாலும் சொன்னேன்.

நவம்பர் 8, புதன்

தோற்றுவிட்டாள். கொஞ்ச வாக்குகளில். கண் பட்டதால் அல்ல.

கென் தன் பதிவில் முடிவை எழுதியிருக்கிறார். தேவாலய வாசலில் கேட்டதை எழுதவில்லை.

நேற்று நடந்ததைப் பூங்கோதையிடம் நான் சொல்லவில்லை. வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாள் காலையிலேயே வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, சொல்லிவிட்டார். பூங்கோதை கூடத்துக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையைத் தொட்டு, "போச்சாது போ, போனாப் போகுது. ஒனக்கு எலக்சன்ல நிக்கவே தெரியல" என்றார். அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

டிக்கெட்டைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் நினைவூட்டவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

இலை வாரினோம். சம்பந்தியும் நானும் பலகையைப் பிடுங்கிக் கார் ஷெட்டில் வைத்தோம். அடுத்த தேர்தலுக்கு ஆகும் என்கிறார்.

டிவி மறுபடி ஓடுகிறது. அதே சேனல்தான். சத்தம் குறைவு. நேற்று நீலக் கோட்டுக்காரர் ஏதோ சொல்ல, சம்பந்தி தனக்குத்தானே, "பாதி கழிச்சுக்கோணும்" என்றார். மீதிப் பாதியை நம்புகிறார் போலிருக்கிறது. ஒரேயடியாக அவர் மாறிவிட்டார் என்று நான் எழுதினால் அது பொய்யாகும்.

நவம்பர் 14, செவ்வாய்

நாளை விமானம். பெட்டி எடை பார்த்தாயிற்று. மாத்திரைகள் கைப்பையில். கடவுச்சீட்டை மூன்று முறை பார்த்தேன். இருக்கிறது.

ஒரு கவலை மட்டும் பாக்கி இருந்தது. நாளை முதல் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள்?

மாலை நீலக் கோட்டுக்காரர் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கினேன். என் இடத்தில் பூங்கோதை இருந்தாள். வேலையிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறாள். மடியில் ஒரு கிண்ணம் நிறையப் பொரி. முதுகுக்கு என் தலையணை. இருவருக்கும் நடுவில் கிண்ணத்தை வைத்துவிட்டு, பதினாறு வருடமாக இந்த நாட்டில் ஆங்கிலத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண், திரையைப் பார்த்துக் குழம்பியதுபோல முகத்தைச் சுருக்கிக்கொண்டு, எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் கேட்டாள்:

"என்னப்பா சொல்லுதான்?"

அவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"அதென்னன்னா கண்ணு..." என்று அவள் பக்கம் திரும்பினார்.

நான் மாடிக்கு வந்துவிட்டேன்.